பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

துபாய்,
ஆடி மாதக் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கப்படி எழுதலாம்தான். ஆனால் அத்தையின் மூட்டுவலி முதல், உங்கள் மெஸ்ஸில் அக்கவுன்ட் வைத்துவிட்டு வேறு கம்பெனிக்குத் தாவிய பையனின் பாக்கி வரை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருப்பதால் ஆவலுக்கு அதிகம் மிச்சமில்லை. கரையான்சாவடியில் யாரைப் பார்த்தாலும் "என் மருமகன் துபாயில கிச்சன் இன்ஜினியர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். அம்மா சொன்னார்கள். கல்யாணச் சந்தையில் அந்தப் பேச்சுக்கு விலை இருக்கலாம். ஆனாலும் பெண் வீட்டார் நேரில் வந்து விசாரிப்பதற்குள் உண்மையை எழுத்தில் வைத்துவிடுவது நல்லது.

என் வேலை இதுதான்: ஹோட்டல் சமையற்கட்டில் ஏதாவது மிஷின் படுத்துவிட்டால், அதற்கு அடியில் நானும் போய்ப் படுக்க வேண்டும். முதுகுக்குக் கீழே நேற்றைய எண்ணெய், மூக்குக்கு நேரே போன வருஷத்துப் பிசுக்கு. வாயில் டார்ச், கையில் மல்டிமீட்டர். தலைமாட்டில் செஃப் நின்றுகொண்டு "எப்போ ரெடியாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது வாத்தியார் மோட்டாரை மேஜைமேல் வைத்துத்தான் பாடம் நடத்தினார். அந்த மோட்டார்கள் எல்லாம் குளித்துவிட்டு வந்தவை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

அத்தை வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நம்மூர் கத்திரி வெயில் இங்கே வந்தால் ஸ்வெட்டர் கேட்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணி தொடங்கி 3 மணி வரை யாரையும் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். சென்னீர்குப்பத்தில் இருந்தவரை என் உச்சந்தலைக்கு யாரும் இவ்வளவு விலை போட்டதில்லை. என்ன ஒன்று, சட்டம் வெட்டவெளிக்குத்தான். சமையற்கட்டுக்குக் கூரை இருக்கிறது. ஆகவே ஃப்ரையருக்கும் தந்தூர் அடுப்புக்கும் நடுவில் எந்த நேரமும் வேகலாம், சட்டம் தடுக்காது.

நான் போகிற சமையற்கட்டுகளில் செஃப் லெபனான்காரராக இருப்பார், காய் நறுக்குகிறவர் நேபாளம், பாத்திரம் கழுவுகிற தம்பி பிலிப்பைன்ஸ், மேனேஜர் மலையாளி. சாப்பாட்டிலும் கிரிக்கெட்டிலும் ஒத்துப்போகாத இவர்கள் எல்லோரும், மிஷின் நின்ற மறுநிமிஷம் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். "நான் ஒண்ணும் பண்ணல, தானா நின்னுடுச்சு." தானாக நின்ற மிஷினை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கடுத்து வருவது தீர்ப்பு. "கேஸ் வால்வ் போச்சு" என்பார் செஃப். "போர்டு போச்சு" என்பார் மேனேஜர். எது போச்சு என்பதில் ஆளாளுக்குக் கருத்து உண்டு. என்ன நடந்தது என்று கேட்டால்தான் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு ஹோட்டல் கதையைக் கேளுங்கள். ஆறு பர்னர் அடுப்பு. குமிழை அழுத்திப் பிடித்தால் பைலட் தீ எரிகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் அணைந்துவிடுகிறது. எனக்கு முன்னால் வந்த ஒருவர் தெர்மோகப்பிளை மாற்றினார். இன்னொருவர் கேஸ் வால்வையே மாற்றினார். இரண்டுக்கும் பில் வந்தது, பணமும் போனது, தீ மட்டும் தன் இஷ்டத்துக்கு அணைந்துகொண்டிருந்தது.

தெர்மோகப்பிள் என்பது பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு குச்சி. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்த நுனியைச் சூடாக்கினால் மின்சாரம் வரும் என்று 1821இல் சீபெக் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்த சங்கதி அது. நுனி தீயில் நிற்கும்வரை இருபது முப்பது மில்லிவோல்ட் வரும். டார்ச் பேட்டரி ஒன்றரை வோல்ட் என்றால், அதில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் துளி மின்சாரம்தான் வால்வுக்குள் இருக்கும் சின்னக் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. தீ அணைந்தால் நுனி குளிரும், காந்தம் விடும், வால்வு மூடும், கேஸ் வெளியே பரவாது. நம் மெஸ் அடுப்பில் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே தெர்மோகப்பிள் வேலையை அத்தையின் மூக்குதான் பார்க்கிறது.

மீட்டரை மாட்டிவிட்டு அடியில் படுத்தபடி பார்த்தேன். 24 மில்லிவோல்ட். ஒரு குறையும் இல்லை. செஃப் "பாத்தியா, ஆள் வந்தா மட்டும் ஒழுங்கா எரியும்" என்று அடுப்பைத் திட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாத்திரம் கழுவுகிற பக்கத்துக் கதவை யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். பைலட் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, குச்சியின் நுனியை விட்டு விலகியது. மீட்டரில் 24, 18, 11, 7 என்று இறங்கியது. "டக்." வால்வு விழுந்துவிட்டது.

ஆக, தெர்மோகப்பிளும் யோக்கியன், வால்வும் யோக்கியன். தீ ஏன் சாய்ந்தது? காற்று அடித்தது. காற்று எங்கிருந்து வந்தது? மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடாக வெளிக்காற்றை உள்ளே அனுப்ப இன்னொரு ஃபேன் உண்டு, அது ஓடவில்லை. கதவு திறக்கிற போதெல்லாம் பட்டினி கிடந்த சமையற்கட்டுக்குள் காற்று அந்த வழியாகப் பாய்ந்து வருகிறது, நடுவில் என் அடுப்பு. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் அந்த இரண்டாவது ஃபேனின் பெல்ட் அறுந்து கிடந்தது. புது பெல்ட்டை மாட்டிவிட்டுக் கீழே வந்து "அடுப்பு ரெடி" என்றேன். அடுப்பைத் தொடாமல் அடுப்பைச் சரிசெய்தவனைச் செஃப் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மந்திரவாதி என்று நினைத்தாரா, திருடன் என்று நினைத்தாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

அடுத்தது காம்பி ஓவன். ஆவியும் சூடான காற்றும் ஒரே பெட்டிக்குள் வருகிற மிஷின். 1976இல் ஜெர்மனியில் பிறந்தது. காலையில் இட்லி வேகவைத்த அதே பெட்டியில் மத்தியானம் கோழி பொரிக்கலாம். (அத்தையிடம் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை இட்லி சாப்பிட மாட்டார்கள்.) இந்த மிஷினுக்கு வாய் உண்டு. கெட்டுப்போனால் திரையில் ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பருக்குப் புத்தகத்தில் "வெப்ப சென்சர் கோளாறு" என்று போட்டிருந்தால், உடனே எல்லோரும் சென்சரை ஆர்டர் பண்ணச் சொல்வார்கள். "மிஷினே சொல்லுதே, நீ என்னப்பா யோசிக்கற?" என்பது மேனேஜரின் கேள்வி.

மிஷின் சொல்வது எங்கே வலிக்கிறது என்பதை மட்டும்தான். அடித்தது யார் என்று அதற்கும் தெரியாது. அந்த சென்சரைக் கழற்றி, பாரில் இருந்து ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கேட்டு வாங்கினேன். வேலை நேரத்தில் ஐஸ் கேட்டதால் மேனேஜருக்கு என்மேல் சந்தேகம். பி.டி.100 என்ற அந்த சென்சரின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் தண்ணீரில் 100 ஓம், கொதிக்கும் தண்ணீரில் 138.5 ஓம் காட்ட வேண்டும். என் மீட்டர் 100.2 காட்டியது. இரண்டு புள்ளி மீட்டர் வயரோடு சேர்த்தது. சென்சர் நிரபராதி. அப்புறம் அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போய், பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், கன்ட்ரோல் போர்டின்மேல் ஒரு கூட்டுக் குடும்பம். கரப்பான்கள். இருட்டு, கதகதப்பு, ஆவியின் ஈரம், கீழே ரொட்டித் துகள், வேறென்ன வேண்டும்? அதில் ஒருவர் சென்சர் வயர் வந்து சேருகிற இரண்டு முனைகளுக்கும் குறுக்கே படுத்து உயிரை விட்டிருந்தார். அவரை அப்புறப்படுத்தி, முனைகளை ஸ்பிரே போட்டுத் துடைத்ததும் நம்பர் மறைந்துவிட்டது.

அந்தச் சின்னக் கரப்பானுக்கு உலகம் முழுக்க ஜெர்மன் கரப்பான் என்று பெயர். மிஷினும் ஜெர்மனி, குடியிருப்பவரும் ஜெர்மனி, சொந்த ஊர்க்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று அன்றைக்குச் சிரித்தேன். அப்புறம்தான் ஒரு செய்தி படித்தேன். பல நாடுகளிலிருந்து கரப்பான்களைச் சேகரித்து மரபணுவைப் பார்த்து 2024இல் ஒரு கட்டுரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கரப்பான் ஜெர்மனியில் தோன்றியதே இல்லையாம். சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னால் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் மனிதர்களை அண்டி வாழத் தொடங்கி, சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னால் மேற்காசியாவுக்கு வந்து, அதற்கும் பின்னால்தான் ஐரோப்பாவுக்குப் போனதாம். ஆக, நம்ம பக்கத்து ஆள். எனக்கு முன்பே இந்தத் திசையில் பிழைக்க வந்தவர். விசா இல்லை, லேபர் கேம்ப் இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் ஹோட்டல் சாப்பாடு. கெட்ட பெயர் மட்டும் ஜெர்மன்காரனுக்கு.

மூன்றாவது, பாத்திரம் கழுவுகிற மிஷின். இதில் வியாபாரத்தில் நின்ற முதல் மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கியவர் ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்க அம்மாள், வருஷம் 1886. வீட்டுக்கென்று செய்தார், ஹோட்டல்காரர்கள்தான் முந்திக்கொண்டு வாங்கினார்கள். இப்போது நான் பார்க்கிற மிஷின்கள் கடைசி அலசலுக்கு 82 டிகிரி தண்ணீரை அடிக்கும். கை வைத்தால் தோல் உரியும். ஒரு ஹோட்டலில் இந்த மிஷினிலிருந்து வெளியே வருகிற தட்டில் பருப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்பு கம்பெனியை மாற்றினார்கள். தண்ணீர் அடிக்கிற நாஸிலை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குத்திவிட்டார்கள். கடைசியில் புது பம்புக்கு விலை கேட்டார்கள்.

நான் கேட்டது ஒன்றுதான்: "எப்போதிலிருந்து?" பிலிப்பைன்ஸ் தம்பி யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து என்றார். "வியாழக்கிழமை என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை என்று மேனேஜர் அடித்துச் சொன்னார். தம்பிதான் மெதுவாக, அன்றைக்குக் கட்டட எலக்ட்ரீஷியன் வந்து பேனலில் ஒரு பிரேக்கர் மாற்றினார் என்றார்.

அவ்வளவுதான் விஷயம். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு வருகிற மூன்று வயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதேதான், நடுக்கம் இல்லை, சூடு இல்லை. பம்பும் தண்ணீரைத் தள்ளும், ஆனால் அதன் இறக்கையும் கூடும் ஒரு பக்கச் சுற்றுக்காகச் செய்தவை. எதிர்ப்பக்கம் சுற்றினால் அரை மனசோடுதான் தள்ளும். பம்பின் மேல் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுகிறது, மோட்டார் பின்னால் இருக்கும் விசிறி மறுபக்கம் சுற்றுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. மெயினை ஆஃப் செய்து இரண்டு வயரை இடம் மாற்றினேன். தட்டு பளபளவென்று வந்தது. வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்ன மேனேஜர், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

ஃப்ரிட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கூலிங் இல்லையென்றால் பூந்தமல்லியிலும் துபாயிலும் ஒரே மருந்துதான்: "கேஸ் அடிச்சுடு." ஓட ஓடத் தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லை மாமா. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. அதைத் தேடி அடைக்காமல் கேஸ் அடித்தால் காசுதான் குழாய் வழியாகப் போகும். அதிலும் பல நேரம் கேஸ் குறைந்தே இருக்காது. பின்பக்கத்துக் காயிலில் மாவுத்தூளும் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி போர்த்தியிருக்கும். ஒரு பழைய பெயின்ட் பிரஷ் எடுத்து உங்கள் டீப் ஃப்ரீசருக்குப் பின்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு.

இதையெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. நம் ஊர் மெக்கானிக்குகளைவிட நான் புத்திசாலி என்றும் சொல்ல வரவில்லை. கையில் கிடைத்த சாமானை வைத்து ஓட்டுவதில் நம்ம ஆட்களை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே ஒரு கன்ட்ரோல் போர்டு என் மாதச் சம்பளத்தைவிட விலை அதிகம். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர நாளாகும். மாட்டிய பிறகு "இது இல்லை போலிருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தால் எலக்ட்ரிக்கல் சாமானைக் கடைக்காரன் தொடமாட்டான். அதனால் மாற்றுவதற்கு முன்னால் ஒன்றுக்கு நாலு முறை யோசித்தே ஆக வேண்டும். நம் ஊரில் பார்ட் மலிவு, கடை பக்கத்தில். "முதல்ல இதை மாத்திப் பாப்போம்" என்று தொடங்கிவிடலாம். மலிவான பார்ட் எந்தக் கேள்வியும் கேட்கவிடாது. மாற்றினால் ஓடுகிறது, மறுபடி போகிறது, மறுபடி மாற்றுகிறோம். செத்தது எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அதைச் சாகடித்தது எது என்று கேட்டால்தான் வேலை முடியும்.

இப்போது உங்கள் டில்டிங் கிரைண்டருக்கு வருகிறேன்.

கோயம்புத்தூர் சரக்கு, வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர். ட்ரம்மிலும் கல்லிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று முறை கெப்பாசிட்டர் போய்விட்டது, உள்ளூர் மால் சரியில்லை, "ஒரிஜினல் துபாய் கெப்பாசிட்டர்" வாங்கி அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பேச்சைத் தட்டக் கூடாதென்று கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் எடுத்து நீட்டிய டப்பாவில் "மேட் இன் இந்தியா" என்று போட்டிருந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னால் மோட்டார் என்னவோ சொல்லப் பார்க்கிறது. நீங்கள் அதற்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. கல் வாங்கிய வருஷம், கடைக்காரனின் யோக்கியதை, அரிசி விலை என்று போய்க்கொண்டே இருக்கிறீர்கள். நல்லவேளை, நடுவில் அத்தை எதற்கோ கூப்பிட, நீங்கள் "என்னா?" என்று நிறுத்திய இடைவெளியில் பிடித்துவிட்டேன். சுவிட்ச் போட்டதும் "உர்ர்ர்" என்று கிளம்புகிறது. அந்த "உர்ர்" வேகம் பிடித்ததும் ஒரு "டிக்" வர வேண்டும். வரவில்லை. உர்ர்ர் உர்ர்ராகவே இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த "டிக்" என்ன என்றால், மோட்டாரின் பின்மூடிக்குள் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் கிளம்ப மட்டும் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் கை கொடுக்கும். முக்கால் வேகம் வந்ததும் சுவிட்சில் இருக்கும் எடைகள் விரிந்து, அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடும். அதற்குக் கொடுத்த வேலை சில நொடிகள்தான். வேகம் வராவிட்டால் சுவிட்ச் திறக்காது, கெப்பாசிட்டர் தொடர்ந்து வேலையில் நிற்கும், சூடாகும், உப்பும், வெடிக்கும். அதன் இடத்தில் துபாய் கெப்பாசிட்டர் இல்லை, தங்கக் கெப்பாசிட்டர் வைத்தாலும் வெடிக்கும்.

வேகம் ஏன் வரவில்லை? மூன்று நாலு பேர்மேல் சந்தேகம் வரலாம். பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம். பேரிங் இறுகியிருக்கலாம். மாவுத் தண்ணீர் இறங்கி அந்தச் சுவிட்சே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பலத்த சந்தேகம் நாலாவது ஆள்மேல். புதுக் கொட்டகையைக் காட்ட ஒரு போட்டோ அனுப்பியிருந்தீர்களே, அதில் காம்பவுண்டு சுவர் ஓரமாக ஒல்லியாக ஒரு வயர் போகிறது. அதன்மேல் அத்தை துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். கிரைண்டரைப் பின்பக்கம் மாற்றியபோது வீட்டில் மிச்சம் கிடந்த வயரைச் சுற்றி இழுத்திருக்கிறீர்கள். கெப்பாசிட்டர் போகத் தொடங்கியதும் அதற்கப்புறம்தானே?

ஒரு கணக்குப் போடுங்கள். கல்லாவில் உட்கார்ந்து போடுகிற கணக்கைவிட இது சுலபம். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது முப்பது ஆம்பியர் வரை இழுக்கும். மீட்டர் போர்டிலிருந்து கொட்டகைக்குச் சுற்றிக்கொண்டு 40 மீட்டர் என்று வையுங்கள். மின்சாரம் போகவும் வரவும் 80 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக இருந்தால் அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை ஓம். முப்பதை ஒன்றரையால் பெருக்கினால் 45 வோல்ட். அவ்வளவும் வழியிலேயே காலி. சாயங்காலம் லோ வோல்டேஜில் மீட்டர் போர்டில் 210 இருந்தால், கிரைண்டருக்குப் போய்ச் சேருவது 165தான். மோட்டாரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும் என்பதால், 230க்குச் செய்த மோட்டார் 165இல் பாதி பலத்தோடுதான் நிற்கும். பாதி பலத்தோடு ட்ரம் நிறைய ஊறின அரிசியை இழுக்கச் சொன்னால், அது "உர்ர்ர்" என்றுதானே சொல்லும்?

ஆனால் மாமா, நான் கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போட்ட கணக்கை நம்பி வயர் வாங்கிவிடாதீர்கள். அளந்து பாருங்கள். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, அரிசி போட்டு கிரைண்டர் கிளம்புகிற அந்த நொடியில் மீட்டர் போர்டில் ஒரு முறை, கிரைண்டர் சாக்கெட்டில் ஒரு முறை வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாற்பது குறைந்தால் வயர்தான். குறையவே இல்லையென்றால் வயரின் மேல் பழி போடாமல், பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "டிக்" வந்தால் பெல்ட்டும் பேரிங்கும். அப்போதும் வரவில்லையென்றால் பின்மூடிக்குள் சுவிட்ச். கை வைப்பதற்கு முன் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். செய்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் பண்ணாமல் யாரும் தொடக் கூடாது. மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் அத்தையை நிறுத்துங்கள். அத்தை நின்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள், நீங்கள் உட்பட.

வயர்தான் என்று உறுதியானால் 4 சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள். அதே 40 மீட்டருக்கு, அதே முப்பது ஆம்பியருக்கு, பத்துப் பதினோரு வோல்ட்தான் போகும். பைப்புக்குள் இழுக்கச் சொல்லுங்கள். கூடவே எர்த் வயரும் போகட்டும். ஈரக் கை படுகிற இடம் அது. பூந்தமல்லியில் வாங்கும்போது எல்லாவற்றிலும் பேரம் பேசுங்கள், வயரின் பருமனில் மட்டும் பேச வேண்டாம். காம்பவுண்டு சுவரில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு அத்தைக்கு ஒரு நைலான் கயிறு கட்டிக்கொடுங்கள்.

பொங்கலுக்கு லீவு கிடைக்கும்போலத் தெரிகிறது. அதற்குள் நீங்கள் ஊரெல்லாம் சொல்லி, கல்யாண மண்டபத்து இட்லி ஸ்டீமர், பக்கத்து டீக்கடை பாய்லர், எதிர் வீட்டு மிக்ஸி என்று வரிசை கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். வரட்டும், பார்க்கிறேன். இரண்டே நிபந்தனை. ஒன்று, "எது போச்சு" என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது; எப்போதிலிருந்து, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, இதை மட்டும் சொன்னால் போதும். இரண்டு, அது வரைக்கும் காலையில் மாவு ஆட்டும்போது எனக்குப் போன் செய்ய வேண்டாம். உங்களுக்கு நாலரை மணி என்றால் எனக்கு அப்போது மூன்று மணி. நானாவது தானாக நிற்காமல் ஓட வேண்டுமே.

அத்தைக்கு என் வணக்கம். மெஸ் மாஸ்டரைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்

பின்குறிப்பு: வயர்தான் காரணம் என்று தெரிந்ததும் உங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அவர் சொன்னது சரிதான்.